என் மச்சான் உதறிய சீருடைகள்

1

நீங்கள் தெரிந்தே மறைத்தீர்கள். பாலைவனத்தில் நீங்கள் வெடி வைத்துத் தகர்த்த அந்த ஆயுதக் கிடங்குக்குள் என்ன இருந்தது என்பது, வெடி வைப்பதற்கு முன்பே உங்களுக்குத் தெரியும். உங்கள் சிப்பாய்களிடம் வெறும் தூசி என்று சொன்னீர்கள். அவர்கள் ஊர் திரும்பி நோயில் விழுந்தபோது மனக்கவலை என்று சொன்னீர்கள். அவர்களின் துணியைத் துவைத்தவர்களைப் பற்றி எதையுமே சொல்லவில்லை. அவர்கள் உங்கள் கணக்கில் ஆட்களே இல்லை.

இதை நான் குடியேறி வாழும் நாட்டின் ராணுவ அமைச்சகத்துக்குச் சொல்கிறேன். நாட்டின் பேரை இந்தத் தமிழ்க் குறிப்பில் எழுதவில்லை. என் மகள் கயல் அந்த அரசாங்கத்தில்தான் வேலை பார்க்கிறாள். "அப்பா, ப்ளீஸ், பேர் மட்டும் வேண்டாம்" என்றாள். சரி என்றேன். அவர்களுக்கு அனுப்பும் பிரதியில் பேர் இருக்கிறது.

நான் நன்றி கெட்டவன் இல்லை. அந்த நாடு எனக்கு பஸ் ஓட்டும் வேலை கொடுத்தது. என் நெஞ்சைத் திறந்து அடைப்பை எடுத்துத் தைத்து அனுப்பியது. பனி கொட்டுகிற நாளில் என் வாசலைப் பெருக்கிவிட்டுப் போகிற பக்கத்து வீட்டுக்காரனைக் கொடுத்தது. யாரோ ஒருவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடுவேன். சோறு போட்ட வீடு பொய் சொல்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2

என் மனைவி சுமதியின் அண்ணன் செல்வராசு. எனக்கு மச்சான். கொள்ளிடக் கரையில் குமராட்சி பக்கம் அவர் ஊர். எனக்குக் குறிஞ்சிப்பாடி. எங்கள் இரண்டு குடும்பத்திலும் முதலில் விமானம் ஏறியவர் அவர்தான். போர் முடிந்த கையோடு பாலைவனத்தில் இந்த நாட்டின் பட்டாளமும் வேறு நாட்டுப் பட்டாளங்களும் கூடாரம் அடித்துக் கிடந்தன. அந்த முகாமின் சலவைக்கூடத்துக்கு ஓர் ஒப்பந்தக்காரன் ஆள் எடுத்தான். மச்சான் போனார். போய் ஆறு மாதத்தில் எனக்கும் விசா வாங்கி அனுப்பினார், தண்ணீர் லாரி ஓட்ட.

அன்று அவர் அனுப்பிய விசாவில் தொடங்கியதுதான் என் இன்றைய வாழ்க்கை முழுவதும். பெரிய லாரி ஓட்டிய அனுபவம் இருந்ததால்தான் பிறகு இந்த நாட்டில் எனக்கு பஸ் கிடைத்தது. இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

சலவைக்கூடத்தில் ஒரு விதி இருந்தது. மணல் போனால் மிஷின் கெட்டுவிடும். அதனால் ஒவ்வொரு துணியையும் மிஷினில் போடும் முன் வெளியே நின்று உதற வேண்டும். சட்டை, கால்சட்டை, போர்வை, எல்லாவற்றையும். நம் ஊர் ஆட்களைத்தான் அந்த வேலைக்கு நிறுத்தினார்கள். நாங்கள் பிறந்ததிலிருந்து உதறுகிறவர்கள். பாய் விரிக்கும் முன் உதறுவோம், துண்டைத் தோளில் போடும் முன் உதறுவோம். கிடங்கைத் தகர்த்த வாரத்தில் சீருடைகள் குவியல் குவியலாக வந்தன. மணலைவிடப் பொடியாக, சாம்பல் மாதிரி ஒன்று அவற்றில் ஒட்டியிருந்தது. மச்சான் வேலையில் ஏமாற்ற மாட்டார். மற்றவர்கள் ஒரு முறை உதறினால் அவர் இரண்டு முறை உதறுவார். காலர் மடிப்பைத் திருப்பி, பையை வெளியே இழுத்து, மறுபடி உதறுவார். அதற்காக அவருக்கு ஒரு கைக்கடிகாரம் பரிசு கொடுத்தார்கள்.

நான் லாரிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி. போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் அந்தப் புழுதிக்குள் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பார். வண்டியிலிருந்து கை காட்டுவேன். அவரும் காட்டுவார்.

ஊர் திரும்பிய சில வருடங்களில் அவர் கை ஆட ஆரம்பித்தது. பிறகு மூச்சு வாங்கியது. வெயிலில் நின்றால் தலை பிளக்கிற வலி. இன்று அவரால் சட்டைப் பொத்தான் போட முடியாது. ஊரில் என்ன சொன்னார்கள்? தண்ணி போடுகிறான் என்றார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனுஷன் அவர். டீக்கடையில் கிளாசைப் பிடிக்கும்போது கை ஆடினால், "காலையிலயே ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்கிறவன் இருக்கிறான். அதனால் அவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

3

என் பஸ்ஸில் ஒரு வயதான அம்மாள் வருடக் கணக்காக ஏறுவார். ஹெலன் என்று பேர். ஏறும்போது வணக்கம், இறங்கும்போது நன்றி. ஓய்வு பெற்ற டீச்சர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன குளிர்காலத்தில் நூலக நிறுத்தத்தில் அவர் முகம் போட்ட ஒரு விளம்பரத்தைப் பார்த்தேன். உளவுத்துறையில் முப்பது வருடம் இருந்தவர், சிப்பாய்களின் நோயை அரசாங்கம் மறைத்ததைப் பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறார், நூலகத்தில் அதை வாசிக்கிறார், வாருங்கள் என்றிருந்தது. படத்தில் ஒரு பாலைவனம். பஸ் கதவை மூடாமல் இரண்டு முறை படித்தேன்.

மறுநாள் அவர் ஏறியபோது, "நீங்களா?" என்றேன்.

"நான்தான். ஏன், பஸ்ஸில் ஏற்ற மாட்டீர்களா?" என்று சிரித்தார்.

கயலையும் கூட்டிக்கொண்டு வாசிப்புக்குப் போனேன். என் ஆங்கிலம் டிக்கெட்டுக்கும் வழி சொல்லவும் போதும், சண்டைக்குப் போதாது. கயல் முதலில் வர மாட்டேன் என்றாள். அப்பாவின் மச்சான் கதை அவளுக்கு எப்போதும் தூரத்துக் கதை. குமராட்சிக்குக் கடைசியாகப் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. கொசுக்கடியைத் தவிர எதுவும் நினைவில்லை என்பாள். அவள் தமிழில் பேசினால் எனக்குச் சிரிப்பு வரும், நான் ஆங்கிலத்தில் பேசினால் அவளுக்கு வெட்கம் வரும். இப்படித்தான் எங்கள் வீடு.

அவளுக்குப் புரிய வைக்க அன்று காலை சமையலறையில் ஒரு காரியம் செய்தேன். மச்சான் செய்த வேலை என்ன என்று அவள் கேட்டாள். உதறுவது என்றேன். புரியவில்லை. குளியல் துண்டு ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் நின்று ஓங்கி உதறினேன். சுத்தமான துண்டுதான். ஆனாலும் வெயிலில் எவ்வளவு தூசி பறந்தது என்று பார்த்தாள். அது மெல்ல இறங்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

வாசிப்பில் ஒன்று கவனித்தேன். அந்தப் புத்தகத்தை அரசாங்கம் பல வருடம் தடுத்து வைத்து, கடைசியில் வரிகளைக் கறுப்பு மை பூசி மறைத்த பிறகுதான் அச்சிட விட்டிருக்கிறது. ஹெலன் அந்தக் கறுப்போடு அப்படியே அச்சிட்டுவிட்டார். வாசிக்கும்போது அந்த இடம் வந்தால் "கோடு" என்பார், மேலே போவார். "அந்தக் கிடங்கில் இருந்தது கோடு, கோடு. வெடிக்கும் முன்பே அது எங்களுக்குத் தெரியும்." இப்படி. கூட்டத்தில் இருந்த முன்னாள் சிப்பாய்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவன் ஊன்றுகோலோடு வந்திருந்தான்.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். நான் சொல்லச் சொல்லக் கயல் மொழிபெயர்த்தாள். "இந்தச் சிப்பாய்கள் துணியைத் துவைத்தவர்களும் நோயில் கிடக்கிறார்கள். என் மச்சான் ஒருவர். உங்கள் புத்தகத்தில் அவர் எங்கே?"

ஹெலன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இல்லை. காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று பார்த்தேன். எந்தப் படை எங்கே நின்றது என்று பார்த்தேன். துணி எங்கே போனது என்று நான் கேட்கவே இல்லை. அது என் தவறு."

அந்த அறையில், அத்தனை பேர் முன்னால், உளவுத்துறையில் முப்பது வருடம் இருந்த ஒரு மனுஷி இதைச் சொன்னார். என் வாழ்க்கையில் படித்த ஆள், பதவியில் இருந்த ஆள், யாரும் எனக்கு அப்படிப் பதில் சொன்னதில்லை. கோபமாக எழுந்தவன் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

முடிந்ததும் பக்கத்தில் போய்க் கேட்டேன். "அந்தக் கோட்டுக்கு அடியில் என்ன?"

"எனக்குத் தெரியும். சொன்னால் சிறை. அதைக்கூட நான் பார்த்துக்கொள்வேன். ஆனால் புத்தகத்தையும் நிறுத்திவிடுவார்கள். அடுத்த பதிப்பில் மிஸ்டர் மச்சானைச் சேர்க்கிறேன், அவர் பேரும் ஊரும் போடச் சம்மதித்தால். பேர் இல்லாவிட்டால் கட்டுக்கதை என்று தள்ளிவிடுவார்கள்."

மச்சான் என்பது அவர் பேர் என்றே நினைத்துவிட்டார். நான் திருத்தவில்லை.

அதற்கு முன்பே அமைச்சகத்துக்கு எழுதிப் பார்த்தவன்தான் நான். உங்கள் உறவினர் படைவீரர் அல்லர், எங்கள் ஊழியரும் அல்லர், ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. ஒப்பந்தக்காரன் கம்பெனியை எப்போதோ மூடிவிட்டான். நம் ஊர்ப் பக்கம் ஓர் அலுவலகத்தில் மச்சான் மனு கொடுத்தால், முன்னாள் படைவீரருக்கான பிரிவுக்குப் போங்கள் என்றார்கள். அங்கே போனால், நீங்கள் எந்தப் படை என்றார்கள். மச்சான் சலவைப் படை என்று சொல்லிவிட்டு வந்தாராம். அந்த நக்கல் அவருக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது. அதற்கும் நன்றி.

4

பேர் போடலாமா என்று கேட்க மச்சானுக்குப் போன் போட்டேன்.

"வேணாம் மாப்ள."

"ஏன் மச்சான்?"

"அரசிய பாக்க வராங்க. ஆவணியில. திருப்பாதிரிப்புலியூர்ல பாத்திரக்கட வச்சிருக்கவங்க. நல்ல எடம். இந்த நேரத்துல எனக்கு வியாதின்னு புஸ்தகத்துல போட்டா என்னாத்துக்கு ஆவும்?"

அரசி என்பது அவர் ஒரே மகள் தமிழரசி. சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர்.

"அவங்ககிட்ட என்ன சொல்லி வச்சிருக்கீங்க?"

"சுகருன்னு சொல்லியிருக்கோம். சுகரு யாருக்குத்தான் இல்ல? நரம்பு வியாதின்னா பரம்பரையான்னு கேப்பாங்க. நான் இன்னா சொல்றது?"

"அவனுங்க செஞ்ச வேலைக்கு நீங்க ஏன் மச்சான் ஒளிஞ்சிக்கணும்?"

"திட்டாத மாப்ள. அந்த வேலைதான் எனக்கு இந்த ஊட்டக் கட்டிக் குடுத்துச்சு. அங்க இருந்த பட்டாளத்து சார்ஜண்டு ஒருத்தன் குளுருக்குப் போர்வை குடுத்தான். இன்னிக்கும் அவன் நல்லாருக்கணும்னுதான் சாமிகிட்ட கேக்கறேன்."

போர்வை கொடுத்த சார்ஜண்டும் இன்று எங்கோ கை ஆடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று நினைத்தேன்.

5

ஆவணியில் லீவு போட்டுவிட்டு நானும் சுமதியும் போனோம். அதிசயமாகக் கயலும் வந்தாள்.

குமராட்சி வீட்டில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மச்சானை மூலை நாற்காலியில் உட்கார வைத்து, கைகள் மேல் மடித்த துண்டைப் போட்டுவிட்டார்கள். அவருக்கு யாரும் காபி டம்ளர் கொடுக்கக் கூடாது. முன்னாலேயே குடித்துவிட்டார் என்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியது அவர் மனைவி அஞ்சலை.

"கைய அசைக்காத உக்காரு. சாமி செல மாதிரி இருக்கணும்."

"சாமிக்குக்கூட நைவேத்தியம் வெப்பாங்கடி. எனக்கு ஒரு பஜ்ஜி கெடையாதா?"

"அவுங்க போவட்டும், சட்டியோட தரேன். மூணு நாட்டுக்காரன் சொக்காய தொவச்ச, எங்க ஊட்டுத் துணிய ஒரு நாள் தொட்டியா? இதாவது செய்."

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவான பாத்திரக்கடைக்காரர் பெரிய மனுஷன், மரியாதை தெரிந்தவர். அந்த மரியாதைதான் எல்லாவற்றையும் கவிழ்த்தது. தமிழரசி காபித் தட்டைக் கொண்டுவந்ததும் அவர் தனக்கு எடுத்ததை எழுந்து போய் மச்சான் முன்னால் நீட்டினார்.

"சம்பந்தி ஆவப் போறோம். மொதல்ல நீங்க குடிங்க."

அஞ்சலை வாயைத் திறப்பதற்குள் மச்சான் கையை நீட்டிவிட்டார். நீட்டியவருக்கு எப்படி மறுப்பது என்று அவருக்குத் தெரியாது. டம்ளர் கைக்கு வந்ததும் ஆடியது. காபி துண்டில் கொட்டியது, வேட்டியில் கொட்டியது, பாத்திரக்கடைக்காரரின் காலிலும் கொட்டியது.

"சுகரு ஜாஸ்தி" என்றார் அஞ்சலை.

மாப்பிள்ளையின் அம்மா, "சுகருல கை ஆடுமா?" என்றார். குத்தலாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான்.

தமிழரசி தட்டைக் கீழே வைத்தாள். காபி கொடுத்த பெண் உள்ளே போக வேண்டும். அவள் போகவில்லை. அப்பாவின் கையிலிருந்து டம்ளரை வாங்கினாள்.

"சுகரு இல்லீங்க. அப்பாவுக்கு நரம்புல கோளாறு. பட்டாளத்துத் துணி தொவைக்கப் போனாங்க. அங்க வெடிச்ச பொக அந்தத் துணியில இருந்துச்சு. அதால வந்துச்சுன்னு நெனைக்கிறோம். நிச்சயமா தெரியாது."

"பரம்பரையா வருமாம்மா?"

"அதுவும் தெரியாதுங்க. தெரிஞ்சவங்க சொல்ல மாட்டேங்கறாங்க."

"யாரு அந்தத் தெரிஞ்சவங்க?" என்றார் பாத்திரக்கடைக்காரர். நாங்கள்தான் மறைக்கிறோம் என்று நினைத்திருப்பார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஹெலனைப் பற்றிச் சொன்னேன், புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன், கறுப்புக் கோட்டைப் பற்றிச் சொன்னேன்.

"காசு குடுத்து வாங்குற புஸ்தகத்துலயே கோடு போட்டு விக்கிறானா? நான் ஓட்டப் பாத்திரம் வித்தா சும்மா உடுவாங்களா?"

யாரோ சிரித்தார்கள். மச்சான்தான். மாப்பிள்ளைப் பையன் எழுந்து வந்து தன் கைக்குட்டையை அவர் வேட்டியில் ஒற்றினான். அந்தப் பையனுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

போகும்போது பாத்திரக்கடைக்காரர் தெளிவாகச் சொன்னார். "பொண்ணு மறைக்கல. எனக்கு அது போதும். ஆனா எங்க ஊட்டுல பொம்பளைங்க பேரப்பிள்ளைய நெனச்சிக் கேப்பாங்க. கேக்கறது தப்பில்ல. டாக்டர்கிட்ட வெவரமா கேட்டுச் சொல்லுங்க. தை வரைக்கும் வேற எடம் பாக்க மாட்டோம்."

அவர்கள் கார் தெரு திரும்பியதும் அஞ்சலை மகளைப் பிடித்துக்கொண்டார். "வாய மூடிக்கிட்டு உள்ள போயிருந்தா ஆயிருக்கும்ல?"

"ஆயிருக்கும். அப்பறம் அந்த ஊட்டுல எத்தன வருசம் மறைக்கறது? அப்பா வரப்பல்லாம் டம்ளரப் புடுங்கிக்கிட்டே இருக்கணுமா?"

அஞ்சலை பஜ்ஜிச் சட்டியைக் கொண்டுவந்து மச்சான் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்து அழுதார். கயல் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்கிற அளவுக்கு அவள் தமிழ் போதாது. கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

6

மறுநாள் மச்சானையும் தமிழரசியையும் சிதம்பரத்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனோம். டாக்டர் எங்களை அவசரப்படுத்தவில்லை. மச்சான் எப்படி உதறினார், எந்தப் பக்கம் நின்றார், வாயில் என்ன கட்டியிருந்தார் என்று எல்லாவற்றையும் கேட்டார். இத்தனை வருடத்தில் மச்சானை உட்கார வைத்து அந்த வேலையைப் பற்றி முழுக்கக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

கடைசியில் தமிழரசியிடம் சொன்னார். "உங்களுக்கு வராதுன்னு எழுதிக் குடுக்க எனக்கு ஆசைதான்மா. ஆனா உங்கப்பா எத சுவாசிச்சாருன்னு தெரியாம எழுதினா அது பொய். அதோட பேரு கொண்டாங்க. பேரு தெரிஞ்சா படிச்சுப் பாத்து, பயம் இருக்கா இல்லையான்னு என்னால சொல்ல முடியும்."

அந்தப் பேர் ஹெலன் புத்தகத்தில் கறுப்பு மைக்கு அடியில் இருக்கிறது.

திரும்பும்போது மினிபஸ்ஸில் நல்ல கூட்டம். மச்சானுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பாட்டுச் சத்தத்தில் அவர் சொன்னது முதலில் கேட்கவில்லை. குனிந்தேன்.

"போட்டுக்கச் சொல்லு மாப்ள."

"எத மச்சான்?"

"எம் பேரு. ஊரும் போட்டுக்கச் சொல்லு. எம் பொண்ணு அத்தன பேரு முன்னால சொல்லிடுச்சி. இனிமே நான் எதுக்குத் துண்டுக்கு அடியில கைய வச்சிக்கணும்?"

கொஞ்சம் கழித்து, "அந்தப் புஸ்தகத்து அம்மாவுக்கு நான் கும்பிட்டேன்னு சொல்லு" என்றார்.

சொன்னேன். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, அவர் என் பஸ்ஸில் ஏறியதுமே சொன்னேன். ஹெலன் என் பக்கத்திலேயே நின்றார். அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

7

அமைச்சகத்தாருக்கு.

ஹெலன் தன் தவறை ஒரு நூலகத்தில் எழுந்து நின்று சொன்னார். ஒரு கணக்கு டீச்சர் தன் கல்யாணம் நின்றாலும் பரவாயில்லை என்று, வந்தவர்கள் முன்னால் உண்மையைச் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்று ஒரு டாக்டர் சொன்னார். இவர்கள் எல்லோருக்கும் நான் நன்றி சொல்லிவிட்டேன். உங்களுக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். அதற்கு ஒரு காரணம் கொடுங்கள்.

இதை ஆங்கிலத்தில் எழுதியது கயல். எழுதி முடித்துக் கீழே தன் பேரையும் போட்டாள். வேலைக்கு ஆபத்து, வேண்டாம் என்றேன். "அரசி சொன்னாளே" என்று தமிழில் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்களிடம் பணம் கேட்கவில்லை. அந்த ஒரு கோட்டை எடுங்கள். எனக்குத் தனிக் கடிதம் வேண்டாம். உங்கள் மந்திரி நாடாளுமன்றத்தில் எழுந்து, எல்லோரும் கேட்கும்படி, பேரைச் சொல்லட்டும். தை பிறப்பதற்குள் சொல்லட்டும். குமராட்சி செல்வராசு உங்கள் சிப்பாய்களின் சட்டையை இரண்டு முறை உதறினார். அதிலிருந்து பறந்தது என்ன?